சம்பூர்ணம் தறியை விட்டு எழுந்தாள்

சம்பூர்ணத்துக்கு வந்ததே கோபம்! இருமலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டர், "எத்தினி வருஷமா பீடி குடிக்கிறீங்கம்மா?" என்று கேட்டுவிட்டார். பீடியைக் கையால்கூடத் தொடாதவள் அவள். குடித்ததெல்லாம் புருஷன் கைலாசம், நாளைக்கு இரண்டு கட்டு.

கரையையும் உடலையும் தனித்தனி நூலால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நடுவில் அவன்; ஒரு பக்கக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள, அவனை ஒட்டினாற்போல் அவள். பதினெட்டு வருஷமாக அவன் விட்ட புகை அவள் மூஞ்சியில்தான்.

வீட்டுக்கு வந்தவுடன் போட்டு உடைத்தாள். "பீடிய வுடுங்க. அதுவரிக்கும் நான் தறியில உக்கார மாட்டேன்."

"போடி, பெரிய இவ!" என்றான் கைலாசம்.

வீட்டுக்கு வீடு தறி ஓடும் பிள்ளையார்பாளையத்தில் ஆளுக்கா பஞ்சம்? பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தரைக் கூட்டிவந்து உட்கார வைத்தான். கை ஒத்து வரவில்லை. கரையும் உடலும் சேருமிடம் பல்லிளித்தது. சம்பூர்ணம் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருமினாள். நாலாம் நாள் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே நின்றவன், பீடிக் கட்டைத் தூக்கிச் சாக்கடையில் போட்டான்.

அப்புறம் ஒரு மாதம், அப்பப்பா! குழம்பில் உப்பில்லை என்பான், அதையே கரிக்கிறது என்பான். காலிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் அவளுக்கே பாவமாக இருக்கும். ஒண்ணே ஒண்ணு குடிச்சிக்கோங்க என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். அவன் தொடவில்லை. அவள் தறிக்குத் திரும்பினாள்.

ஆடி முடிந்ததும் அடுத்த சேலைகளுக்கான பாவு நூலை அவர்கள் வீட்டுத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டினார்கள். கைகொடுக்க வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் டீயும் பீடியும் தருவது வழக்கம். கைலாசம் டீ மட்டும் கொடுத்தான்.

கைகொடுக்க வந்திருந்த முனிரத்தினம் விடுவாரா? தன் பீடியை நீட்டினார். "இன்னாபா கைலாசம், பொண்டாட்டிக்கு பயந்துக்கினு வுட்டுட்டியாமே? இந்தா, ஒண்ணு இழு."

இருபது ஆம்பிளைகள் சிரித்தார்கள். டம்ளர்களோடு வந்த சம்பூர்ணம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ரோஷக்காரன், வாங்கிவிடுவானோ?

"ஆமாம்பா, பயந்துதான் வுட்டேன்," என்றான் கைலாசம், தெருக்கோடிவரை கேட்கும்படி. "அவ மூச்சு நின்னுடுமோன்னு பயந்துட்டேன்."

சிரிப்பு அடங்கியது. சம்பூர்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, பாவு நெடுக ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்துக்கொண்டே போனாள். முனிரத்தினம் பீடியை அணைத்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டார்.