மோடத்துக்கு ஒரு பெட்டி

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் வெங்கடப்பனுக்கு, மூடியில்லாத மெஷினைக் கண்டாலே ஆகாது. அதனால் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த வாரமே மோடத்துக்குத் தகரத்தில் ஒரு பெட்டி செய்து கொண்டுவந்து ஹாலில் மாட்டிவிட்டான். கதவு, பூட்டு, நீலப் பெயிண்ட், எர்த் வயர், ஒன்றும் குறையில்லை. செய்ததோடு விட்டானா? பக்கத்து வீட்டு முனிலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தான். மனுஷனுக்கு அவ்வளவு பெருமை.

அதற்கப்புறம் படுக்கையறையில் லேப்டாப்புக்கு ஒரு கோட்டுக்கு மேல் சிக்னல் ஏறவே இல்லை. அவன் மனைவி சரிதா எம்.சி.ஏ. படித்தவள். குழந்தை பிறந்ததிலிருந்து வீட்டிலேயே இருந்தவளை, பெங்களூர் கம்பெனி ஒன்று நெட்டிலேயே முகம் பார்த்து இன்டர்வியூ செய்வதாகச் சொல்லியிருந்தது. இதை விட்டால் இன்னொருத்தர் கூப்பிடுவாரா என்று அவளுக்குப் பயம். ஹாலில் உட்காரலாமென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை, பேசுவது காதில் விழாது.

"வயரை நேரா லேப்டாப்ல மாட்டிடலாங்க," என்றாள்.

"வயர்லெஸ் வாங்கிட்டு வயர் மாட்டறதா? யாராவது பார்த்தா சிரிப்பாங்க. அந்த வயரை நான் கம்பெனிக்கு எடுத்துனு போயிட்டேன். ரூட் காஸ் என்னான்னு பார்த்துடறேன் இரு."

பார்த்தான், பாருங்கள்! கோளாறுக்குக் காரணம் தேடும் கம்பெனி வழக்கப்படி சார்ட் பேப்பரில் மீன் முள் மாதிரி படம் போட்டு, முள்ளுக்கு ஒரு குற்றவாளியாக எழுதினான். லேப்டாப், சுவர், மழை, லேத் பட்டறை, முனிலட்சுமி வீட்டு டிவி. கர்நாடக எல்லை பக்கத்தில் இருப்பதைக்கூட விடவில்லை. பெட்டி மட்டும் எந்த முள்ளிலும் இல்லை. அது ஐயா கைவேலை ஆயிற்றே!

இன்டர்வியூ அன்று லீவு போட்டுவிட்டு, மோடத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் பெட்டிக் கதவைத் திறந்தான்.

"வந்துடுச்சுங்க! மூணு கோடு!" என்று உள்ளேயிருந்து சரிதா கத்தினாள்.

கதவைச் சாத்தினான்.

"ஐயோ, போயிடுச்சு!"

திறந்தான்.

"வந்துடுச்சு! அங்க என்னா பண்றீங்க?"

வெங்கடப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. அட மடையா, இரும்புக்குள்ள வச்சுப் பூட்டிட்டு மழையைத் திட்டினியேடா என்று தன்னையே வைதுகொண்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று கோடு போதாதா? ஐயாவுக்கு அத்தனை கோடும் வேண்டியிருந்தது. படுக்கையறையிலும் ஒரு போன் பாயின்ட் இருந்ததால், மோடத்தையே அங்கே கொண்டுபோய்விடலாம் என்று போன் வயரை வெடுக்கென்று பிடுங்கினான். வயர் முனையில் இருந்த பின்னின் கொக்கி முறிந்து கையோடு வந்துவிட்டது.

இனி அந்தப் பின்னை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் லைன். விட்டால் போச்சு. சரிதா லேப்டாப் இருந்த மேஜைக்கு அடியைக் கையால் காட்டினாள். மோடத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இன்டர்வியூ தொடங்கியது.

கேள்வி கேட்ட அம்மாள் சேலத்துப் பக்கம் போலிருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"நடுவுல மூணு வருஷம் வேலைக்குப் போகலையேம்மா, ஏன்?"

குழந்தையைத்தான் சொல்லப்போகிறாள் என்று வெங்கடப்பன் நினைத்தான்.

"எங்க கம்பெனியிலயே வேலை வாங்கித் தரேன், பொறுன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாருங்க. நம்பி உக்காந்துட்டேன்," என்றாள் சரிதா. குரலில் கோபம்கூட இல்லை.

"இப்ப?"

"இப்ப நானே பாத்துக்கலாம்னு இருக்கேங்க."

வெங்கடப்பனுக்குச் சுருக்கென்றது. அவன் பக்கத்துக் காரணங்கள் வாய் வரைக்கும் வந்து நின்றன. வாயைத் திறந்தால் அவள் மானம் போகும், எழுந்தால் லைன் போகும். வெட்கமாக இருந்தது. இந்த வேலை அவளுக்குக் கிடைத்துவிட வேண்டுமே என்றும் இருந்தது. விரல் மரத்துப்போயிருந்தது; கையை மாற்றினால் லைன் போய்விடுமென்று இன்னொரு விரலையும் சேர்த்து அழுத்திக்கொண்டான்.