நிறம் ஏறாத கல்யாணம்

பிரீசர் பெட்டியை நடு ஹாலில் இறக்கி, ஒயரைச் சுவரில் சொருகிக்கொண்டிருந்தார்கள். லோகேஷ் பக்கத்து அறையில் பீரோவின் மேல்தட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று வேண்டும். உடைந்த மைக், மாதிரி ஆல்பங்கள், மனைவி சிஞ்சுவின் ஸ்வெட்டர். ஸ்வெட்டரைக் கட்டிலில் போட்டுவிட்டு மறுபடி தேடினான்.

"ஏண்டா, அவொ அங்க வந்து கெடக்கறா. நீ இங்க என்னத்தத் தேடறே?" அப்பா பெரியமுத்து நிலைப்படியில் நின்றார்.

"அவங்கம்மா வர்றாங்கப்பா. வர்றதுக்குள்ள ஒரு வேல இருக்குது."

"வேலயா?" என்றார் அப்பா. திரும்பிப் போனார்.

காய்ச்சல் என்று படுத்தவள் சிஞ்சு. எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொல்வதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டது. விடிகாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வடகரப்பதி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் அம்மா செபமாலையம்மாள் ஜீப்பில் வந்துகொண்டிருந்தாள். கூட வந்த தம்பி ஜிதின் வழியிலிருந்து போன் செய்திருந்தான்.

"அத்தான், அம்மா ஒண்ணே ஒண்ணு கேக்குது. கல்யாண வீடியோவ ஒருக்கக் காட்டணுமாம். பெட்டிய எடுக்கதுக்கு முன்னாடி."

லோகேஷ் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அக்கா அனுப்புதேன் அனுப்புதேன்னே சொல்லிட்டிருந்துச்சுல்ல? கல்யாணத்துக்கு வரலங்கிற கோவத்துலதான் அனுப்பலன்னு அம்மா மனசுல வச்சிருக்கு. அத மட்டும் காட்டிருங்க அத்தான்."

வேதக்கோயிலில் தாலி கட்டாத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அன்றைக்குத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டவள் செபமாலையம்மாள். பெண் வீட்டுப் பக்கம் வந்தது ரிஞ்சு என்ற தோழி ஒருத்திதான்.

டிஸ்க் கிடைத்தது. லேப்டாப்பில் சொருகினான். திரையில் அவர்களுடைய கல்யாணம் விரிந்தது. எல்லாமே சாம்பல். மணமேடை, மாலை, குங்குமம் எல்லாம் சாம்பல். சாம்பலுக்குள் சிஞ்சு சிரித்தாள்.

அன்றைக்கு வெளியே நல்ல மழை. மண்டபத்தில் நாலைந்து ட்யூப் லைட்டுகள் மட்டும். கேமராவைப் பிடித்திருந்த அஜய், லோகேஷின் வீடியோ கடையில் கூட்டாளி, அப்போதே சொன்னான். "அண்ணா, வெளிச்சம் பத்தாதுங்ணா. லாக் வேண்டாம். கேமராவே போடற கலர்லயே எடுத்தரலாம்."

லாக்கில் எடுத்தால் கேமரா நிறத்தைத் தீர்மானிக்காது. எல்லாவற்றையும் வெளுப்பாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆற அமர உட்கார்ந்து நாமாக நிறத்தை ஏற்றிக்கொள்ளலாம். சினிமாக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஊரார் கல்யாணத்தையெல்லாம் அவசர நிறத்தில் எடுத்துக் கொடுத்தவனுக்குத் தன் கல்யாணமாவது சினிமா மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. "லாக்லயே எடு. அப்பறம் நான் பாத்துக்கறேன்" என்றான் மாப்பிள்ளைக் கோலத்தில்.

அடுத்த வாரமே உட்கார்ந்து பார்த்துவிட்டான். வெளிச்சம் போதாத இடத்தில் எடுத்த லாக் அது. நிறத்தை இழுத்தால் முகத்தில் பச்சையாகத் திட்டுத் திட்டாகப் புள்ளி கிளம்பியது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "எடிட்டிங்ல இருக்குது" என்றான். அதையே இரண்டு வருடமாகச் சொன்னான்.

அவளும் சும்மா விடவில்லை. "ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வச்சாச்சு. நமக்குத்தான் இன்னும் ஆகல, பாத்துக்கிடுங்க. போலீஸ் வந்து சாட்சி கேட்டா நான் உங்கள யாருன்னே தெரியாதும்பேன்" என்பாள். சிரிப்பாள். அடுத்த சீசன் முடியட்டும் என்பான் அவன்.

இப்போது சாய்ந்து உட்கார நேரமில்லை. கடையில் எல்லாவற்றுக்கும் போடும் நிறத்தைத் தூக்கி அதன்மேல் போட்டான். மேடை கொஞ்சம் உயிர்பெற்றது. அவள் முகம் மட்டும் பாசி படிந்த மாதிரி ஆயிற்று. பச்சையைக் குறைத்தான். முகம் மண்ணாயிற்று. சேலையை நம்பி அதிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தான். ஒரு நிறம் சரியாக வந்தால் மற்றவை பின்னாலேயே வரும். ஆனால் சேலை என்ன சிவப்பு? அரக்கா, குங்குமமா? யோசித்து யோசித்துப் பார்த்தான். நினைவில் சேலையே இல்லை. மழைச் சத்தம்தான் இருந்தது.

"கூறச்சேலையே கட்டியுடுங்க, பூவும் பொட்டுமாப் போறவ" என்று காலையில் அப்பாவுடன் பிறந்த அத்தை சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. அந்தக் கல்யாணச் சேலைதான் இப்போது அவள் உடம்பில் இருந்தது.

எழுந்து ஹாலுக்குப் போனான். பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனான். தோளில், மடிப்பில், கரையில் கண்ணை ஓட்டினான். குங்குமம் இல்லை. அரக்கும் இல்லை. செங்கல்லைத் தண்ணீரில் நனைத்தால் வரும் நிறம். கரை மாந்தளிர்.

"அளுதுரு கண்ணு, மனசுல வெச்சுக்காத" என்று அத்தை அவன் முதுகைத் தடவினாள்.

தலையை ஆட்டிவிட்டு எழுந்து அறைக்குப் போனான். போன பிறகுதான் தெரிந்தது, அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே யாரோ சொல்வது கேட்டது. "பொண்டாட்டி பொட்டியில கெடக்கறா, இவனுக்குக் கம்ப்யூட்டர் பொட்டி கேக்குது."

சேலை வந்துவிட்டது. அச்சு அசல் அதே செங்கல். ஆனால் சேலை சரியானபோது முகம் எரிந்துபோயிற்று. முகத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சரிசெய்ய முயன்றான். கன்னத்தில் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். மறுபடியும் அழித்தான்.

அஜய் கேமராவோடு வந்து நின்றான். ஏலப்பாறையில் சிஞ்சுவின் அப்பா சுவக்கீன் படுத்த படுக்கை. அவர் போனில் பார்ப்பதற்காக லைவ் போட வேண்டும் என்று ஜிதின் கேட்டிருந்தான்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. எல்லாத்துக்கும் கேக்கற மாதிரிதான் கேக்கறன். லாக்லயா வெக்கறது, நேராக் கலர்லயா?"

லோகேஷ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கலர்லயே எடு. இத நான் திரும்பத் தொறக்க மாட்டேன்."

அஜய் "செரிங்ணா" என்று போனான்.

ஜீப் வந்தது. வாசலில் அழுகை ஏறி, ஹாலுக்குள் வந்து, பெட்டியின் மேல் விழுந்தது. லோகேஷ் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தான். அழுகை தணிந்து, பாதிரியார் சொல்லிக்கொடுத்த ஒரு ஜெபத்தைச் செபமாலையம்மாள் தனியாக முணுமுணுத்து முடிக்கும் வரை நகர்த்தினான்.

அவள் அறைக்கே வந்துவிட்டாள். மெலிந்த உடம்பு. காலில் செருப்பில்லை. ஜிதின் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

"தம்பி, காட்டுதீங்களா?" மாப்ள என்று அவள் அவனை அழைத்ததில்லை.

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். ஏற்றிய நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் சாம்பலையே ஓடவிட்டான். எரிந்த முகத்தைக் காட்டுவதைவிட அது பரவாயில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். முந்தானையை எடுத்துத் திரையைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

"அழுக்கில்லீங்க," என்றான் லோகேஷ். "அது அப்படித்தானுங்க."

"ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கா? அப்பவே சொகமில்லயா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருந்தா. நான் எடுக்கச் சொன்னதுதான் தப்பு. அவொ கோவத்துல அனுப்பாம இல்லீங்க. நாந்தான் முடிச்சுத் தரல."

"ரெண்டு வருசமாவா தம்பி?"

திரையில் யாரோ அட்சதை வீசினார்கள். சத்தம் அணைத்திருந்தது.

ஹாலில் அஜய் பெட்டிக்கு நேரே ஸ்டாண்டை வைத்து நின்றிருந்தான். அறைவாசலிலிருந்து பார்த்தால் கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரை தெரிந்தது. செபமாலையம்மாள் ஜிதினை விட்டுவிட்டு அங்கே போனாள். செங்கல் நிறச் சேலை. மாந்தளிர்க் கரை. நெற்றியில் குங்குமம். மூக்குத்திக் கல்லில் விளக்கு.

"இதுல பளிச்சுன்னு இருக்காளே" என்றாள். "அன்னைக்குக் கட்டுனது இந்தச் சேலயா?"

"ஆமாங்க" என்றான் அஜய்.

"அன்னைக்கு வேற கேமராவாக்கும்?"

அஜய் லோகேஷைப் பார்த்தான்.

"இதே கேமராதானுங்க" என்றான் லோகேஷ்.

அவள் திரும்பவில்லை. அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடியே யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கு அனுப்பாதவ எதுக்குக் கூப்புடுதான்னு ஈஸ்டர்ல இருந்து அவ போனையே நான் எடுக்கல. ஆசுபத்திரியில இருந்து கூப்ட்டா. அதயும் எடுக்கல."

அப்பா வந்து லோகேஷின் தோளைத் தொட்டார். "பொழுது எறங்கீருச்சு. எடுக்கோணும். வா."

பெட்டியைத் திறந்தார்கள். ஆண்கள் குனிந்தார்கள். தலைமாட்டில் ஒரு கை வைத்து அவனும் தூக்கினான். எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தாள். செபமாலையம்மாள் பாடையின் பின்னால் போகவில்லை. அஜய் கேமராவைக் கழற்றித் தோளில் வைத்தபோது அதன் பின்னாலேயே நடந்தாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். வாசல்படி தடுக்கியது. ஜிதின் பிடித்துக்கொண்டான்.

வீடு காலியாயிற்று. அறையில் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல் நிற மேடையில் சாம்பல் நிறப் பெண் யாரையோ பார்த்துக் கை அசைத்தாள்.

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்த டம்ளர்களைத் தட்டில் பொறுக்கிக்கொண்டு அத்தை உள்ளே வந்தாள். வைக்க இடம் தேடினாள். லேப்டாப்பை மூடி, தட்டை அதன்மேல் வைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுக்கப் போனாள்.