ஒரு ஆள் குறைந்த மூலை

எங்கள் மாநிலத்தில் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவது கிடையாது. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில், ஊரே பார்க்க, பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைய வேண்டும். அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், வீட்டுக்கும் போகலாம்.

நான் போட்டியிட்டவர்களில் ஒருவரான பெண் கவர்னரின் மூலையில் நின்றேன். பன்றிக்கறி ஆலைகளில் கறி நகர்ந்து வரும் லைனின் வேகத்தைக் குறைப்பேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அங்கே தோள்கறி அறுத்து அறுத்து என் வலது கை விரல்கள் மடங்குவதில்லை. இதே வேகத்தில் ஓடினால் இடது கையும் போய்விடும்.

எண்ணினார்கள். ஒரு ஆள் குறைந்தது.

என் புருஷன் டுவேன் எதிர் மூலையில் இன்னொரு வேட்பாளரான செனட்டரின் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த மூலைக்குத் தலைவன் ஹார்லன், எங்கள் அறுப்புத் தளத்துச் சூப்பர்வைசர்.

“டுவேன், இங்க வா! ஒரு ஆள்தான் வேணும்.”

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

“போய்யா, பொண்டாட்டி கூப்பிடுறா. போகலேன்னா இன்னிக்கி உனக்குக் கட்டில்ல எடம் கெடையாது,” என்றார் தபால்காரர் வெண்டல். எல்லோரும் சிரித்தார்கள்.

டுவேன் பாதி தூரம் வந்து குரலைத் தாழ்த்தினான். “கத்தாத மார்லிஸ். உனக்காகத்தான் அங்க நிக்கிறேன். நின்னா உன்ன ஆலை லாண்டரிக்கு, துணி தொவைக்கிற வேலைக்கு மாத்துறேன்னு ஹார்லன் சொல்லியிருக்கான். கத்தியே தொட வேணாம்.”

“லாண்டரில எத்தன பேருக்கு வேல?”

“ஒரு ஆளுக்குத்தான்.”

அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். செனட்டர் மூலையில் எங்கள் தளத்துப் பெண்களின் புருஷன்மார் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருத்தன்கூட இதற்குமுன் கட்சிக் கூட்டத்துக்கு வந்தவனில்லை.

“ஹார்லன்! லாண்டரி வேலைய இன்னும் யாராருக்குத் தர்றேன்னே?”

அந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “என் பொண்டாட்டிக்குன்னுல்ல சொன்னே?” என்று ஒருத்தன் முனகினான். ஹார்லன் பிஸ்கட் தட்டை நீட்டினான். “வேல வேற, கட்சி வேற, மார்லிஸ். எடுத்துக்க, எங்க வீட்டுக்காரி சுட்டது.”

இப்போதாவது ஒருத்தன் தாண்டி வருவான் என்று நினைத்தேன். ஒருத்தன் போதும். யாரும் அசையவில்லை. என் பக்கத்தில் நின்ற யெசேனியாதான் தன் கோட்டை எடுத்தாள். லைனில் எனக்கு அடுத்த கத்தி அவளுடையது. அவளும் மணிக்கட்டில் வலிக்குக் கட்டுப் போட்டிருந்தாள்.

“எங்கடி போறே?”

“நம்ம மூல கலைஞ்சுருச்சுல்ல. எனக்காகப் போய் நிக்கப் புருஷனும் இல்ல. நானேதான் நிக்கணும்.”

“அவன் புளுகுறது இப்பத்தானேடி தெரிஞ்சுது?”

“யாரோ ஒருத்திக்குக் குடுத்துத்தானே ஆகணும்.”

அவள் தாண்டிப் போனாள். செனட்டர் மூலை கை தட்டியது. எங்களோடு நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

டுவேன் என் சட்டைக் கையை இழுத்தான். “நீயும் வா. அவ முந்திக்கிட்டா பாரு.”

நான் வெளியே போனேன். கார்ச் சாவி அவனிடம் இருந்ததால் பனியில் காரோடு சாய்ந்து நின்றேன். செனட்டர் ஜெயித்தது உள்ளே எழுந்த சத்தத்திலேயே தெரிந்தது.

டுவேன் வந்து கதவைத் திறந்தான். வண்டியைக் கிளப்பினான்.

“ஹார்லன் யெசேனியாவத் தனியாக் கூப்பிட்டுப் பேசிக்கிட்டிருக்கான்,” என்றான், நான்தான் அந்த லாண்டரி வேலையைக் களவு கொடுத்துவிட்ட மாதிரி.