இரண்டாவது ரயில்

கிரிகரி வலக்கையைச் சாந்தமேரியின் மடியில் வைத்திருந்தார். இடக்கை நகங்களை அவரே வெட்டிக்கொள்வார். வலக்கை கல்யாணமான நாளிலிருந்தே அவள் பொறுப்பு. நடுவிரலை முடித்திருந்தாள். "மேரி, நெஞ்சு என்னமோ பண்ணுது" என்றார். முகம் வேர்த்திருந்தது.

ஆம்புலன்சுக்காகக் காத்திருப்பதைவிட நாமே போய்விடலாம் என்றான் மகன் டேரன். கிள்ளான் டவுனைத் தாண்டினால் மருத்துவமனை. பின்சீட்டில் அவரைத் தாங்கிப் பிடித்து உட்கார்ந்தாள். புது ரயில் தடம் சாலையைக் கடக்கும் சந்திப்பில் கார் நின்றது. தெருவிலேயே ஓடும் ரயில் அது. நெருங்கும்போதே சிக்னல் அதற்கு வழிவிட்டு மற்றவர்களை நிறுத்திவிடும். ரயில் வந்தது, போனது. சிவப்பு மாறவில்லை. எதிரே தண்டவாளம் வெறுமையாகக் கிடந்தது.

"டேடி, நான் போய்டுறேன் லா."

கிரிகரி கண்ணைத் திறக்கவில்லை. "போகாதடா. இன்னொன்னு வரும்."

அவருடைய அப்பாவுக்கு ரவாங்கில் ரயில்வே கேட் மூடித் திறக்கும் வேலை. முதல் ரயில் போனதும் அவசரப்படுகிறவனைத்தான் இரண்டாவது ரயில் அடிக்கும் என்று சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்த குடும்பம். டேரனுக்கும் அந்தச் சோறுதான். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

இரண்டாவது ரயில் எதிர்த்திசையிலிருந்து வந்தது. கிரிகரி சொன்னது சரிதான். ஆனால் அது வந்து சேர்வதற்குள் ஒரு லோரியே நிதானமாகக் கடந்திருக்கலாம்.

பச்சை விழுந்தபோது சாந்தமேரி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவரை ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அடக்கமும் காரியங்களும் முடிந்தபின், சிக்னலைப் பற்றிப் பேச மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டேரன் அம்மாவையும் அழைத்துப் போனான். ரயில் கம்பெனியிலிருந்து விளக்கம் சொல்ல வந்த வாணி சின்னப் பெண். ரயிலைச் சாலையில் நிறுத்தினால் பின்னால் வருகிற ரயிலெல்லாம் நிற்கும், யாரும் ஏறமாட்டார்கள், எல்லாரும் மறுபடி காரை எடுப்பார்கள் என்றாள். பின்வரிசையில் ஒருவர், "இப்ப மட்டும் என்ன பாஸ், ரோட்டுலதானே குடித்தனம் பண்றோம்" என்றார். சிரித்தார்கள். டேரன் எழுந்து அப்பாவைப் பற்றிச் சொன்னான். சிரிப்பு அடங்கியது.

வாணி மைக்கைக் கீழே வைத்துவிட்டு சாந்தமேரியின் அருகில் வந்தாள். "ஆம்புலன்ஸ் வந்திருந்தா அதுக்குச் சிக்னல் திறந்திருக்கும், ஆன்டி. கார்ல யார் இருக்காங்கன்னு சிக்னலுக்குத் தெரியாது."

திட்டுவதற்கென்று சாந்தமேரி சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் வாய்வரை வந்து நின்றன. கிரிகரி இங்கே இருந்திருந்தால் இந்தப் பெண்ணின் பக்கம்தான் பேசியிருப்பார். டேரனின் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாடா, போலாம்" என்றாள்.

டேரன் இப்போது அந்தப் பக்கம் கார் ஓட்டுவதில்லை. கல்லறைக்குப் போக அவளுக்கு அந்த ரயில்தான். சந்திப்பு வரும்போது ஜன்னலோரம் எழுந்து நின்றுகொள்வாள். இன்று மழை. வரிசையின் முதல் காரில் ஓர் ஆள், பின்சீட்டில் இருக்கும் யாரிடமோ திரும்பாமலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். யாரிடம் என்று அவள் குனிந்து பார்ப்பதற்குள் கார் பின்னால் போய்விட்டது. அந்த இடத்தில் ரயில் வேகம் குறைப்பதில்லை.