கிளாரி ஹாடோவுக்கு விழுந்த பூக்கள்

சவப்பெட்டியைக் கயிற்றில் இறக்கியபோது குழியருகே இருந்தவர்கள்: இறந்துபோன தபால்காரர் கிளாரி ஹாடோவின் மனைவி மாவிஸ், கிளாரியின் அக்கா ஐரிஸ், பாதிரியார், போரிலிருந்து திரும்பியவர்களின் சங்கச் செயலாளர் லெஸ் பார்டி, சங்கத்துக்காரர்கள் எட்டுப் பேர், எல்லோருக்கும் பின்னால் கருப்புத் தொப்பியில் டல்சி பர்ட்டல். காலை ரயிலில் வந்து இறங்கிய, யாருக்கும் தெரியாத கைத்தடிக் கிழவர் ஒருவரும் இருந்தார்.

ஐரிஸ் முதுகை வளைக்காமல் நின்றாள். எழுபத்தெட்டு வயதில் அவளால் முடிந்தது அது.

டல்சியின் தம்பி எர்னும் கிளாரியும் ஒரே கமாண்டோ படை. இரண்டாம் உலகப் போரில் டிமோர் தீவின் மலைகளில் ஒளிந்து ஒளிந்து ஜப்பானியரோடு சண்டை போட்டவர்கள். கிளாரி திரும்பினான், எர்ன் திரும்பவில்லை. அடிபட்டவனைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன் என்று ஊர் நாற்பது வருஷமாக முணுமுணுத்தது. கிளாரி மறுத்ததில்லை. பதக்கங்களை எழுதிக் கேட்டு வாங்கவில்லை. ஏப்ரல் மாதப் போர்நினைவு அணிவகுப்பில் ஒருமுறைகூட நடக்கவில்லை. ஊர்ப்பேச்சு பொய் என்றே ஐரிஸ் நினைத்திருந்தாள். ஆனால் போன வாரம் ஆஸ்பத்திரியில், காய்ச்சல் வேகத்தில், "எர்ன், என்னைக் கூப்பிடாதடா!" என்று கத்தினான். கேட்டது அவள் மட்டும். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

இனி பூ. போருக்குப் போய் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சிவப்புத் துணியில் செய்த பாப்பிப் பூவைப் பெட்டிமேல் போட வேண்டும். போடாமல் நின்றுவிட்டால், அதைவிடப் பெரிய தீர்ப்பு அந்த ஊரில் கிடையாது.

லெஸ் பூத்தட்டை நீட்டினார். முதல் பூவைத் தானே போட்டார். வேறு யாரும் அசையவில்லை. எட்டுப் பேரும் டல்சியைப் பார்த்தார்கள்.

"என்னப்பா, காலு மரத்துப்போச்சா?"

"எங்க காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு லெஸ். ஓடத்தான் தெரியாது."

யாரோ இருமலுக்குள் சிரித்தார்கள். மாவிஸ் நாத்தனாரின் கையைப் பற்றினாள். "வீட்டுக்குப் போயிடலாம் ஐரிஸ்."

"நில்லு."

கைத்தடிக் கிழவர் ஈரக் களிமண்ணில் தடி புதையப் புதைய நடந்து வந்தார். தட்டிலிருந்து இரண்டு பூக்களை எடுத்தார். ஒன்றைக் குழியில் போட்டார். மற்றதோடு டல்சியிடம் போனார்.

"நான் டக்கெட். உங்க தம்பிக்கும் இவனுக்கும் சார்ஜெண்ட்."

ஐரிஸுக்கு ஒரே நினைப்பு: பேசுவதற்கு முன் இந்த ஆளை எப்படியாவது ரயிலேற்றிவிட வேண்டும். ஆனால் கால்கள் அவரை நோக்கியே போயின.

"என் தம்பி என்ன பண்ணினான்? இங்கயே சொல்லுங்க. எல்லார் முன்னாலயும்" என்றாள் ஐரிஸ்.

"விட்டுட்டுத்தான் வந்தான்மா."

மாவிஸ் விசும்பத் தொடங்கினாள்.

"எர்னுக்கு வயித்துல குண்டு. நடக்க முடியாதவனை விட்டுட்டு நகரணும்னு உத்தரவு. குடுத்தது நான். கிளாரி என்னை அடிச்சான். இந்தா, இங்க இருந்த பல்லு அவன் எடுத்ததுதான். எர்ன் பூட்ஸு கிழிஞ்சு கிடந்துச்சு. 'குணமானா நடந்து வாடா'ன்னு தன்னோடதக் கழட்டி அவனுக்கு மாட்டிவிட்டான். அப்புறம் பத்தொன்பது நாள் வெறுங்கால்ல எங்ககூட வந்தான். ரொம்ப தூரத்துக்கு எர்ன் கூப்பிடுறது கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"கிளாரி பூட்ஸு எங்க எர்னுக்குப் பெருசாச்சே" என்றாள் டல்சி.

"உள்ள புல்லு திணிச்சான்."

டல்சி பூவை வாங்கிக்கொண்டாள். குழியருகே வந்து போட்டாள். பிறகு எட்டுப் பேரும் தட்டை நோக்கி நகர்ந்தார்கள்.

அடுத்த வாரமே ஊர்ப்பேச்சு மாறிவிட்டது. வெறுங்காலில் நடந்து பாதம் கெட்டுப்போனதால்தான் கிளாரி அணிவகுப்புக்கு வரவில்லையாம். ரொட்டிக்கடையில் அதைச் சொன்ன பெண்ணை ஐரிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதெல்லாம் இல்ல. அவன் பாதத்துக்கு ஒரு குறையும் கிடையாது. முப்பத்தோரு வருஷம் இந்த ஊர்ல நடந்தே தபால் போட்டான். டல்சி வீட்டுக்கும்தான்."