கரைக்குக் கீழே எத்தனை பேர்?

சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பவனை நான் நம்புவதில்லை. அணைகளுக்கு வகுப்பு பிரிக்க அரசாங்க ஜீப்பில் வந்த தாலாய்பெக்கிடம் மூன்று இருந்தன.

என் அணை என்பது ஓடைக்குக் குறுக்கே நானே போட்ட மண்கரை. இரண்டு ஆள் உயரம். அந்தத் தண்ணீர் நின்றால்தான் குதிரைமசால் தீவனம் விளையும், என் நாற்பது ஆடுகளும் பனிக்காலத்தைத் தாண்டும். வீடு கரைக்கு நேர் கீழே.

வந்தவன் கரைப்பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் நின்று தாளை விரித்தான்.

"கரையப் பாக்கலையா தம்பி?"

"கரை எப்படி இருக்குன்னு இதுல கேள்வியே இல்ல பெரியவரே. ஒடைஞ்சா கீழ எத்தனை பேரு போவாங்க, அதான் கேள்வி. வீட்டுல யார் யாரு?"

"நானும் என் பொண்டாட்டி சைராகானும்."

"ரெண்டே பேரா? அப்ப மூணாம் வகுப்பு, கவலையில்ல. பத்துப் பேருக்கு மேல போனா முதல் வகுப்பு. கரைய வெட்டித் தண்ணிய வடிச்சிரணும்."

வயிறு குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஓர் ஆட்டை அறுத்துவிட்டேன். ஆடு அறுத்த வீட்டுக்கு எங்கள் ஊரில் யாரையும் அழைக்க வேண்டியதில்லை, புகையே அழைத்துவிடும். மேட்டுக்கு அந்தப்புறமிருந்து அண்டைக்காரன் எசென்கூல் எட்டுப் பேரோடு வந்து உட்கார்ந்தான்.

எங்கள் வழக்கப்படி, வேகவைத்த ஆட்டுத்தலையை முதல் விருந்தாளியான தாலாய்பெக் முன்னால் வைத்தேன். அவன் கத்தியை எடுத்தான். தலையை வெட்டவில்லை. கத்தி முனையால் ஆட்களை எண்ணினான்.

"பதினொண்ணு. என்னையும் சேத்தாப் பன்னெண்டு. முதல் வகுப்பு பெரியவரே."

"தின்னுட்டுப் போயிருவாங்கடா!"

"எப்பப் போவாங்கன்னு தாள்ல கேக்கல. பாக்குற நேரத்துல எத்தனை பேருன்னுதான் இருக்கு."

பாதிச் சாப்பாட்டில் யாரை எழுப்புவது? தலையை வாங்கியவனையா?

எசென்கூல் விரலை நக்கினான். "ஏன் மாமா பதறுறீங்க? கீழ இருந்தாத்தானே எண்ணுவாரு? மேல போய்த் தின்னுவோம்."

"கரை மேல இருக்குறவங்கள எழுத எடமில்ல" என்று தாலாய்பெக்கும் ஒத்துக்கொண்டான்.

அண்டா, கம்பளம், தலை எல்லாம் ஏறின. சைராகான் தேநீர்ப் பாத்திரத்தோடு மூச்சிரைத்தாள். "அறுபது வயசுல என்னை அணை மேல ஏத்துறீங்களே, வெளங்குவீங்களா?"

தாலாய்பெக் கீழே எட்டிப் பார்த்தான். வாசலில் நாய் மட்டும் நின்றது.

"நாயி?" என்றேன்.

"நாயி ஆளில்ல." சுழியம் போட்டான். நான்காம் வகுப்பு, ஆபத்து இல்லை. முத்திரை குத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தான். உட்கார்ந்த இடம் ஒரு சாண் இறங்கியது. கால்சட்டை நனைந்தது.

"பெரியவரே, கரை எறங்குது!"

"அதுக்குத் தாள்ல கேள்வி இருக்கா?"

இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தான். "இல்ல."

"அப்ப தின்னு, ஆறிடும்."

சற்றுச் சாய்ந்தபடியே எல்லோரும் தின்று முடித்தோம். புறப்பட்டவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். அவன் ஜீப் மேட்டைத் தாண்டும்வரை ஒருவரும் கீழே இறங்கவில்லை. பிறகு நான் இறங்கிய கரைக்கு மண் போட மண்வெட்டியைத் தேடிப் போனேன்.