ஹெல்காவின் பிறந்தநாள் எத்தனை மணிக்கு முடியும்?

ஒரு வாரமாகியும் ஒரு பதில்கூட வரவில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை ஹெல்காவுக்குப் பத்து வயது நிறைகிறது. அவளை விட்டால் வகுப்பில் பதினாறு பிள்ளைகள். பதினாறு பேருக்கும் அழைப்பு போயிருந்தது. கடையில் வாங்கியது இல்லை, கையால் செய்தது. ஒவ்வொன்றிலும் ஹெல்கா ஒரு பசுமாடு வரைந்திருந்தாள். ஆறு வருஷம் உருகுவேயில் வளர்ந்த பிள்ளைக்கு மனுஷ முகத்தைவிட மாட்டு முகம்தான் நன்றாக வரும். உள்ளே எழுதியது அவளுடைய அப்பா இஸ்மோ. "சனிக்கிழமை இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆடுவோம், பாடுவோம், வயிறு முட்டச் சாப்பிடுவோம்." கீழே விலாசம், போன் நம்பர். எழுதி முடித்ததும் இஸ்மோவுக்குத் தன்மேல் ஒரு மரியாதையே வந்திருந்தது.

தினமும் சாயங்காலம் ஹெல்கா அவனுடைய போனை வாங்கிப் பார்ப்பாள்.

"யாராவது சொன்னாங்களாப்பா?"

"இன்னும் இல்லம்மா. நாளைக்கு வரும்."

வெள்ளிக்கிழமையன்று அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னாள்: "யாரும் வரலேன்னா நான் உருகுவேக்கே போயிடறேன். மிலாக்ரோஸ் வீட்டு மாடியில ஒரு கட்டில் சும்மா கிடக்காம். கேட்டுட்டேன்."

அழுதிருந்தால் இஸ்மோ தூக்கிச் சமாதானம் செய்திருப்பான். கேட்டுட்டேன் என்கிறவளை எப்படித் தூக்குவது? உருகுவேயில், சிநேகிதி மிலாக்ரோஸோடு விளையாடும்போது, அவள் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஆகஸ்டில் சொந்த ஊரான குவோப்பியோவுக்குத் திரும்பிப் பள்ளியில் சேர்ந்தபோது முதல் நாள் எல்லாரையும் கட்டிப்பிடித்தாள். பிள்ளைகள் மரக்கட்டை மாதிரி நின்றன. இப்போது இடைவேளையில் சுவரோரம் நிற்கிறாள். "ஹெல்கா நல்லாப் பழகிட்டா, ரொம்ப அமைதியான பொண்ணு" என்று டீச்சர் போன மாதம் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்டுவிட்டு வந்து இஸ்மோ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"எல்லாம் உன்னாலதான்" என்றாள் மனைவி ரீக்கா. காகிதக்கூழ் ஆலையில் என்ஜினியர். உருகுவேக்குக் கூட்டிப்போனதும் அவள் வேலைதான், திரும்பக் கொண்டுவந்ததும் அவள் வேலைதான். "டீச்சருக்கு முத்தம் குடுத்த ஆளு வீட்டுக்கு எவ பிள்ளைய அனுப்புவா?"

"முத்தம் இல்ல ரீக்கா. கன்னத்துல கன்னம், உருகுவேயில வணக்கம் சொல்ற மாதிரி. அதுவும் பாதியிலேயே நின்னுபோச்சு."

"ஏன் நின்னுச்சு?"

"அவங்க பின்னால நகர்ந்து, கோட்டு மாட்டுற கம்பிக்குள்ள போயிட்டாங்க."

ரீக்கா சிரித்து உருண்டாள். இஸ்மோவுக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கையில் கிடந்து தன் பாவங்களை வரிசையாக எண்ணினான். காலி பஸ்ஸில் ஏறி, இருக்கிற ஒரே ஆளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அந்த ஆள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, கொட்டுகிற மழையில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். மூன்று வீடு தள்ளியிருக்கும் கிம்மோவைப் பார்த்து, "என்ன கிம்மோ, சௌக்கியமா, அம்மா எப்படி இருக்காங்க?" என்று சத்தமாகக் கேட்டது. கிம்மோ எப்போதும் ஜன்னல் திரையை ஒரு விரல் விலக்கி, பாதையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வெளியே கால் வைக்கிறவர். அன்று அவர் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். கிம்மோவின் மகள் சைமி ஹெல்காவின் வகுப்பு. ஊர் முழுக்கச் சேதி போயிருக்கும்: புதிதாக வந்திருக்கிற குடும்பம், அப்பன் ஒரு மாதிரி.

மறுநாள் சனிக்கிழமை, முற்றம் கூட்டும் நாள். வருஷத்துக்கு இரண்டு தடவை அந்த வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் வந்து இலை வாரி, மூட்டை கட்டி, கடைசியில் நெருப்பு மூட்டி ஆளுக்கு ஒரு சாசேஜ் சுட்டுச் சாப்பிட்டுக் கலைவார்கள். கூலி கிடையாது, வராமலிருந்தால் தண்டனையும் கிடையாது. ஆனால் வராமலிருந்தவர் என்று யாரும் கிடையாது.

இஸ்மோவுக்குக் கிம்மோவின் பக்கத்தில் இடம் கிடைத்தது. இன்று வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தான். இருவரும் முக்கால் மணி நேரம் வாரினார்கள்.

"இலை இந்த வருஷம் ஜாஸ்தி" என்றார் கிம்மோ.

இஸ்மோவுக்கு உடம்பெல்லாம் பேச்சு முட்டிக்கொண்டு வந்தது. "ஆமா" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

இன்னும் கால் மணி. கிம்மோ கம்பை ஊன்றி நின்றார். இலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இஸ்மோவின் பூட்ஸைப் பார்த்தார்.

"அந்த சனிக்கிழமை."

"ஆமா?"

"எத்தனை மணிக்கு முடியும்?"

"எது?"

"பிறந்தநாள்."

"அது... முடியறப்ப முடியும்."

பாதாளத்தின் விளிம்பில் நிறுத்தி எட்டிப் பார்க்கச் சொன்னால் ஒரு மனிதனின் முகம் எப்படியாகும், கிம்மோவின் முகம் அப்படியானது. 

"அதான்" என்றார். "அதுக்குத்தான் நாங்களும் பயந்தோம்."

"நாங்கன்னா?"

கிம்மோ சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பெற்றோர் குரூப்பு ஒண்ணு இருக்குல்ல, அதுல நீங்களும் இருக்கீங்க. அத விட்டுட்டு இன்னொண்ணு ஆரம்பிச்சிருக்கோம். நீங்க இல்லாம. தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும். இதுவரைக்கும் இருநூத்திப் பத்து மெசேஜ்."

"என்ன விஷயம்?"

"முடியற நேரம் போடலியே நீங்க. பிள்ளைய எப்ப வந்து கூட்டிட்டுப் போறது? ரெண்டு மணி நேரம்தான்னு ஏழு பேரு சொன்னாங்க. இல்ல, நேரமே போடலேன்னா ராத்திரி தங்கற ஏற்பாடுன்னு அஞ்சு பேரு. தலையணை குடுத்து விடணுமா, பல் விளக்கற பிரஷ் மட்டும் போதுமான்னு ரெண்டு நாள் பேச்சு. அப்புறம் ஓட்டு எடுத்தோம்."

"ஓட்டா? நீங்க எந்தப் பக்கம்?"

"நாங்க நாலு பேரு நடுநிலை. எனக்கென்ன, பக்கத்துலதானே வீடு."

"என்னையே கேட்டிருக்கலாமே கிம்மோ! நம்பர் போட்டிருந்தேனே!"

கிம்மோ உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "தொந்தரவா இருக்குமேன்னுதான்."

இஸ்மோ இலைக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டான். வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். இவன் பிறந்தது இந்த ஊர், பள்ளிக்கூடம் போனது இந்த ஊர். சின்ன வயதில் இவன் போன ஒவ்வொரு பிறந்தநாளும் இரண்டு முதல் நாலு வரை. நாலானால் கையில் மிட்டாய்ப் பொட்டலம், வாசலில் அப்பாவின் கார், கதை முடிந்தது. உருகுவேயில் ஐந்து மணிக்கு என்று கூப்பிட்டால் ஏழுக்கு வருவார்கள். கழற்றிப் போட்ட கோட்டுகளின் மேல் பிள்ளைகள் தூங்கிய பிறகும் பெரியவர்கள் பேசுவார்கள். ஒரு தடவை வந்தவர்கள் காலைச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டுதான் போனார்கள். முடியும் நேரம் என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதே ஆறு வருஷத்தில் இவன் மண்டையிலிருந்து கழன்று எங்கோ விழுந்திருந்தது. இப்போது, முடிவு தெரியாத ஒன்றுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க அவர்களால் முடியவில்லை. வரவில்லை என்று சொல்லி ஒரு குழந்தையின் மனசை நோகடிக்கவும் முடியவில்லை. பதினாறு குடும்பம் ஒரு வாரமாகத் தவித்திருக்கிறது, பாவம்.

அங்கேயே உட்கார்ந்தபடி போனை எடுத்துக் குரூப்பில் எழுதினான். "சனிக்கிழமை, இரண்டு முதல் ஐந்து வரை."

கிம்மோ எட்டிப் பார்த்தார். "மூணு மணி நேரமா! சரி, வெளிநாட்டுல இருந்தவங்க, பரவாயில்ல."

நாலு நிமிஷத்தில் பதினாறு பதில். எல்லாம் ஒரே மாதிரி. வருகிறோம், நன்றி.

ஹெல்கா அதை இரண்டு தடவை எண்ணினாள். முகம் மலர்ந்தது. பிறகு மெல்லச் சுருங்கியது.

"என்னம்மா?"

"வருவாங்க. வந்து சும்மா உக்காந்திருப்பாங்க. ஸ்கூல்ல மாதிரியே."

"நான் பேச வைக்கிறேன் பாரு."

"நீ பேசாதேப்பா. தயவு செஞ்சு."

இனி ஊர் வழக்கப்படியே எல்லாம் நடக்கும் என்று இஸ்மோ சபதம் எடுத்தான். ஆனால் சபதம் எடுத்தது தலை. உடம்பு இன்னும் உருகுவேயில்தான் இருந்தது. இரண்டு மணி என்று எழுதிய அதே கை, சனிக்கிழமை ஒன்றே முக்காலுக்குக் கேக் மாவைக் கலக்க ஆரம்பித்தது. எம்பனாதாவுக்கு, அதாவது இறைச்சி வைத்து மடிக்கிற சோமாசிக்கு, மாவு பிசைந்து மூடி வைத்ததோடு சரி. ஜன்னல் வழியே பார்த்த ரீக்கா, "இஸ்மோ" என்றாள். "வந்துட்டாங்க."

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கே."

"அதான் கார்லயே உக்காந்திருக்காங்க."

சரியாக இரண்டுக்கு அத்தனை கார்க் கதவும் ஒன்றாகத் திறந்தன. பதினாறு பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்தன. ஒவ்வொருவராக வந்து பரிசைக் கொடுத்து, வாழ்த்துச் சொல்லி, சுவரோரம் போய் உட்கார்ந்தன. பல் டாக்டர் வீட்டு முன்னறையில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும். ஹெல்கா நடுவில் நின்றாள். கழுத்துவரை சிவந்திருந்தது. மாடி, கட்டில், மிலாக்ரோஸ் எல்லாம் அவள் கண்ணில் ஓடுவது இஸ்மோவுக்குத் தெரிந்தது.

"பேசு ஏதாவது" என்று ரீக்கா கிசுகிசுத்தாள்.

"பேசாதேன்னு சொல்லியிருக்கா."

"அப்ப கேக்கையாவது கொண்டு வா."

இஸ்மோ மாவு அப்பிய கையோடு கூடத்துக்கு வந்தான். பதினாறு ஜோடிக் கண். "பிள்ளைங்களா," என்றான், "ஒரு உண்மையச் சொல்லணும். கேக் இன்னும் வேகல. கிரீம் அடிக்கல. மத்ததும் எதுவும் செய்யல. மாமா ஒரு முட்டாள்."

யாரும் சிரிக்கவில்லை. மறுத்தும் பேசவில்லை. சைமிதான் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குகிற மாதிரி.

"நாங்க ஏதாவது செய்யணுமா?"

வேலை. அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல மொத்தப் பேரும் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். வெறுமனே உட்கார்ந்து பேசச் சொன்னால் பெரியவர்களுக்கே வராத ஊர். கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் பேச்சு தானாக வரும். போன சனிக்கிழமை இலை வாரும்போது கண்ணெதிரே நடந்ததை மறந்துவிட்டோமே என்று இஸ்மோ தலையில் அடித்துக்கொண்டான். மாவு முடியெல்லாம் ஆனது.

ஐந்து நிமிஷத்தில் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. கிரீமுக்கு நாலு பேர், முட்டைக்கு மூன்று பேர், மிச்சப் பேர் சோமாசிக்கு. ஓரத்தை எப்படி மூடுவது என்பதில் முதல் சண்டை வெடித்தது.

"அப்படி இல்ல," என்றாள் ஹெல்கா. "மடிச்சு முறுக்கணும்."

"கிள்ளி விட்டாத்தான் நிக்கும்" என்றாள் சைமி. "கரேலியாப் பணியாரத்துக்கு எங்க வீட்ல அப்படித்தான்."

"அது ரை மாவு! அதுக்கு நடுவுல திறந்திருக்கும். இது வாய் மூடணும். இல்லேன்னா அடுப்புல எல்லாம் வெளிய வந்துடும்."

"வராது."

"வரும்!"

"பந்தயமா?"

"பந்தயம்!"

வகுப்பு இரண்டு கட்சியானது. முறுக்குக் கட்சி, கிள்ளுக் கட்சி. ஹெல்கா ஸ்டூல்மேல் ஏறி நின்று ஆணையிட்டாள். பாதி ஃபின்னிஷ், பாதி ஸ்பானிஷ், மீதி கை. மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல். இஸ்மோ ஆசையோடு ஒரு சோமாசியை எடுத்து மடிக்கப் போனான்.

"அப்பா, நீ வெளிய போ. இடமில்ல."

"ஒரே ஒண்ணு..."

"அம்மா மட்டும் இருக்கட்டும், அடுப்புக்கு. நீ போ!"

கதவு மூடியது. சொந்த வீட்டுச் சமையலறையிலிருந்து துரத்தப்பட்டதற்கு ஒருவன் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று யோசித்துக்கொண்டே இஸ்மோ பூட்ஸ் வரிசையின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

நாலே முக்காலுக்கு வெளியே இருட்டில் ஒவ்வொன்றாகக் கார் விளக்குகள் வந்து நின்றன. யாரும் இறங்கவில்லை. இஸ்மோ ஃபிளாஸ்கில் காபியும் கோட்டுப் பையில் கோப்பைகளுமாக ஈரப்பனியில் இறங்கி, முதல் காரின் கண்ணாடியைத் தட்டினான். கண்ணாடி நாலு விரல் இறங்கியது. கோப்பை நுழையவில்லை. இன்னும் நாலு விரல் இறங்கியது. "தொந்தரவு எதுக்கு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல், அதோடு ஒரு கை. இப்படியே கார் காராகப் போனவன், வரிசையின் கடைசியில் இருந்த காரைப் பார்த்து நின்றான்.

"கிம்மோ! மூணு வீடு தள்ளி இருந்துகிட்டு கார்லயா?"

"காத்திருக்க ஒரு இடம் வேணுமே" என்றார் கிம்மோ. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் கிடந்த கையுறைகளை எடுத்தார். "நனையறீங்க. உள்ள வாங்க."

இருவரும் காபி குடித்தார்கள். எதிரே சமையலறை ஜன்னல் வெளிச்சமாக இருந்தது. அடுப்பிலிருந்து ஒரு தட்டு வெளியே வந்தது. எந்தச் சோமாசி வாய் பிளந்தது, எது பிளக்கவில்லை என்று தெரியவில்லை, ஆனால் பாதிப் பேர் குதித்தார்கள், பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள். ஸ்டூல்மேல் இப்போது இரண்டு பேர் நின்றார்கள். ஒன்று ஹெல்கா.

"அது எங்க சைமியா?" என்றார் கிம்மோ.

"ஆமா."

"கத்துறா."

"ஆமா."

காரின் கடிகாரத்தில் ஐந்தானது. எல்லாக் கார்களிலும் கைகள் கதவுப் பிடிக்குப் போயின. கிம்மோவின் கையும் போனது. ஜன்னலில் சைமி ஹெல்காவின் மூக்கில் மாவைப் பூசினாள். ஹெல்கா கிரீம் கரண்டியைத் தூக்கினாள். கண்ணாடியெல்லாம் மூடியிருந்தும் அந்தக் கூச்சல் காருக்குள் கேட்டது.

கிம்மோ கையைப் பிடியிலிருந்து எடுத்து, கார் விளக்கை அணைத்தார்.

பக்கத்துக் கார்க்காரர் திரும்பிப் பார்த்தார். அவரும் அணைத்தார். அதற்கடுத்த காரும் அணைந்தது.

"காபி இன்னும் இருக்கா?" என்றார் கிம்மோ.

இஸ்மோ ஃபிளாஸ்கைக் குலுக்கிப் பார்த்தான்.